சோலூலா மாதா கோவிலும் புகைமலையும்: முதன்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோவில் சோலூலாவுக்குப் போகப்போவதாக யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு மேலே ஏறப்போகிறீர்கள்?" என்பதுதான். ஊருக்கு நடுவில் ஒரு குன்று. குன்றின் உச்சியில் மஞ்சள் சுவர்களோடு ரெமெதியோஸ் மாதா கோவில். மேற்கே 5,400 மீட்டர் உயர எரிமலை, போபோகாதெபெட்ல். மூன்றும் சேர்ந்து கண்ணில் படுவது நீங்கள் போகும் நேரத்தைப் பொறுத்தது.

நான் முதல் தடவை ஏறியது பிற்பகல் இரண்டு மணிக்கு. மேற்குப் பக்கம் முழுக்க வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் மேகம். எரிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி கைகாட்டித்தான் தெரிந்துகொண்டேன். "காலையில் வா" என்றார். மறுநாள் காலை ஏழரைக்குத் திரும்ப ஏறினேன். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, உச்சியில் மெல்லிய புகையோடு மலை நின்றது. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. அந்தப் பாட்டி சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எந்த மாதம், எந்த நேரம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் நல்லது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், மலை உச்சியில் பனியும் பார்க்கக் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் மழை இல்லாவிட்டாலும் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து தூரத்தை மங்கலாக்கிவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அப்போது போனால் எதுவும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்திலும் விடியற்காலை பல நாள் தெளிவாக இருக்கும், மேகம் கூடுவதும் மழை கொட்டுவதும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான்.

எரிமலை கோவிலுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மலையின் முகத்தில் விழும். மடிப்பு மடிப்பான சரிவுகளும், சாம்பல் நிறமும், பனிக்கோடும் தனித்தனியாகத் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் கறுத்த உருவம் மட்டுமே தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் மேகம் விலகியிருக்க வேண்டுமே. ஒரே ஒரு தடவை ஏறப்போகிறவர் என்றால் காலையையே தேர்ந்தெடுங்கள்.

ஏறுவதற்கு முன் இன்னொரு வேலை. மெக்சிகோவின் பேரிடர் தடுப்பு மையமான செனாப்ரெத், எரிமலையைச் சுற்றிக் கேமராக்கள் வைத்து, படங்களை இணையத்தில் நாள் முழுக்கக் காட்டுகிறது. எழுந்ததும் அதைப் பார்த்துவிடுங்கள். மலை தெளிவாகத் தெரிந்தால் உடனே கிளம்புங்கள், காலைச் சாப்பாட்டை இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வந்து சேர்வது

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களிடம் மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. பல வருடமாக இப்படித்தான். இருந்தாலும் விசா விதிகள் சொல்லாமல் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மெக்சிகோ நகரின் கிழக்குப் பேருந்து நிலையத்துக்கு தாபோ என்று பெயர். அங்கிருந்து புவெப்லா நகருக்கு அடிக்கடி பேருந்து உண்டு, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். புவெப்லா நிலையத்தின் பெயர் காபு. அங்கிருந்து சோலூலா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ், சிறிய வேன், டாக்சி எல்லாம் கிடைக்கும். ஆனால் மெக்சிகோ நகரிலிருந்து காலையில் கிளம்பினால் வந்து சேரும்போது மேகமும் வந்து சேர்ந்துவிடும். அதனால் முந்தின நாளே வந்து சோலூலாவிலோ புவெப்லாவிலோ தங்குங்கள். சோலூலாவில் தங்கினால் விடியலில் நடந்தே போய்விடலாம்.

சோலூலா என்பது ஒட்டிப்பிறந்த இரண்டு ஊர்கள்: சான் பெத்ரோ, சான் அந்த்ரேஸ். குன்று இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. சான் பெத்ரோவின் பெரிய சதுக்கத்திலிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் அடிவாரம். தலையைத் தூக்கினால் கோவில் தெரியும், வழி தவற வாய்ப்பே இல்லை.

ஊரே கடல்மட்டத்திலிருந்து 2,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். அதனால் முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும், தலை லேசாகக் கனக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், வந்த அன்றே ஓடி ஏற வேண்டாம். காலையில் ஸ்வெட்டர் வேண்டும். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் வெயில் சுடும், தொப்பியும் வேண்டும்.

காலடியில் இருப்பது என்ன

ஏறத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நீங்கள் குன்று என்று நினைத்துக்கொண்டிருப்பது குன்று இல்லை, ஒரு பிரமிடு. கன அளவில் உலகத்திலேயே பெரிய பிரமிடு இதுதான். எகிப்தின் கீசா பிரமிடு இதைவிட ரொம்ப உயரம், ஆனால் பருமனில் சோலூலாதான் முந்துகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொடங்கி, பழைய கட்டடத்தின் மேலேயே புதிய கட்டடமாக, பல நூறு ஆண்டுகள் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். பெரும்பகுதி வெயிலில் காயவைத்த மண்கல். மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாத்லில் இதன் பெயர் த்லாச்சிவால்தெபெட்ல். கையால் செய்த மலை என்று பொருள்.

1519இல் ஸ்பானியப் படைத்தலைவன் எர்னான் கோர்த்தேஸ் தன் படையோடு வந்தபோதே இது கைவிடப்பட்டு, புல்லும் புதரும் மூடி, மலைபோல் ஆகியிருந்தது. ஊரார் அப்போது வழிபட்ட பெரிய கோவில், இறகுப் பாம்புத் தெய்வம் கெட்சல்கோவாத்லுக்கு உரியது. அது கீழே ஊருக்குள் இருந்தது. அந்த அக்டோபரில் அந்தக் கோவில் வளாகத்தில்தான் கோர்த்தேஸின் ஆட்கள் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏறுவது வேறு, தெரியாமல் ஏறுவது வேறு. படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிற பலருக்கு இது தெரியாமலே போய்விடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

குன்றின் உச்சியில் மழைத் தெய்வத்துக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்திருக்கிறது. பிரான்சிஸ்கன் துறவிகள் அங்கே ஒரு பெரிய சிலுவையை நட்டார்கள், இடி விழுந்து உடைந்தது. வேறொன்று நட்டார்கள், அதுவும் உடைந்தது. பிறகு தோண்டிப் பார்த்தபோது உள்ளே பழைய தெய்வச் சுரூபங்கள் புதைந்திருந்தன என்று அந்தக் காலத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாதாவுக்குக் கோவில் எழும்பியது. 1864 நிலநடுக்கத்தில் அது இடிந்தது, மறுபடியும் கட்டினார்கள். 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்திலும் கோபுரங்கள் அடிபட்டன. விழுவதும் எழுப்புவதும் இந்த உச்சிக்குப் பழகிப்போன விஷயம்.

ஏறுவது

கோவிலுக்கு ஏறக் கட்டணம் இல்லை. பிரமிடின் அடிவாரத்தில் உள்ள தொல்லியல் பகுதிக்கு மட்டும்தான் சீட்டு வாங்க வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கல் பாவிய சரிவுப் பாதை, நடுநடுவே படிகள். அறுபது மீட்டர் சொச்சம் உயரம்தான், நிதானமாக ஏறினால் இருபது நிமிடம். கல் வழவழப்பாக இருக்கும், மழை பெய்த மறுநாள் வழுக்கும். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். ஆனால் சக்கர நாற்காலி போக வழியில்லை, அதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

காலையில் உங்களோடு ஏறுகிறவர்களில் பாதிப்பேர் உள்ளூர்க்காரர்கள். ஓட்டப்பயிற்சி செய்யும் இளைஞர்கள், கையில் பூவோடு பெண்கள். எதிரே வருகிறவர்களிடம் "புவேனோஸ் தியாஸ்" என்று சொல்லுங்கள். காலை வணக்கம் என்று பொருள். முன்பின் தெரியாதவர்களும் பதில் சொல்வார்கள். முந்திப்போக வேண்டுமென்றால் "கொன் பெர்மீசோ", வழி விடுங்கள் என்பதற்கு.

கோவிலுக்குள்

ரெமெதியோஸ் என்றால் மருந்துகள், துயர் நீங்கும் வழிகள். நோய்க்கும் கஷ்டத்துக்கும் வழிகாட்டும் மாதா. பீடத்தில் உள்ள சுரூபம் மிகச் சிறியது. இவ்வளவு பெரிய மேடை மேல் இவ்வளவு சின்ன மாதா என்பதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. சுவரெங்கும் தங்கப்பூச்சு வேலைப்பாடு. வெளியே குவிமாடத்தில் புவெப்லாவுக்கே பேர்போன தலவேரா என்னும் மெருகிட்ட வண்ண ஓடுகள்.

இது இன்னமும் திருப்பலி நடக்கிற, ஞானஸ்நானமும் கல்யாணமும் நடக்கிற கோவில். தொப்பியைக் கழற்றுங்கள். திருப்பலி நடந்துகொண்டிருந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், அல்லது முடியும் வரை வெளியே காத்திருங்கள். நடுவில் எழுந்து நடப்பதும், பீடத்தை நோக்கி போனை நீட்டுவதும் அங்கே மரியாதைக் குறைவு. படம் எடுக்கக் கூடாது என்ற பலகை இருந்தால் விவாதமே வேண்டாம். காணிக்கை போட விரும்பினால் சில்லறை பெசோ கையில் இருக்கட்டும்.

செப்டம்பர் 8 மாதாவின் திருநாள். அதையொட்டி ஊரே திருவிழாவில் மூழ்கியிருக்கும். வேட்டுச் சத்தம் விடியற்காலையிலேயே தொடங்கும். தூக்கம் முக்கியம் என்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். நான் தவிர்க்க மாட்டேன். கூட்டம் உச்சியில் நிற்க இடமில்லாமல் ஆக்கினாலும், குடும்பம் குடும்பமாக மெழுகுவர்த்தியும் பூவும் ஏந்தி அந்தச் சரிவில் ஏறுவதைப் பார்த்தால்தான் அந்த மேடை எதற்காக இருக்கிறது என்பது புரியும்.

நான்கு திசையிலும் பார்ப்பது

கோவில் முற்றத்தைச் சுற்றி மதிலோரமாக ஒரு வட்டம் போடுங்கள். அவசரப்படாதீர்கள், எனக்கு இதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

மேற்கே நிற்பது போபோகாதெபெட்ல். பெயருக்குப் பொருளே புகையும் மலை. உள்ளூரில் போபோ என்பார்கள், கிராமத்துப் பெரியவர்கள் தோன் கோயோ என்று ஒரு மூத்த மனிதரைக் கூப்பிடுவதுபோல் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதற்கு வலது கைப்பக்கம் நீளமாகப் படுத்திருப்பது இஸ்தாக்ஸிவாத்ல், 5,200 மீட்டருக்கும் மேல் உயரம். வெள்ளைப் பெண் என்று பொருள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள், தலை, மார்பு, முழங்கால், பாதம் என்று ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது தானாகத் தெரிய வரும். போரிலிருந்து திரும்பிய வீரன் இறந்துபோன தன் காதலியை மலைமேல் கிடத்தி, பந்தம் ஏந்திப் பக்கத்திலேயே காவல் இருக்கிறான் என்பது கதை. அந்தப் பந்தத்தின் புகைதான் போபோவின் புகையாம். இரண்டுக்கும் நடுவே பள்ளமாகத் தெரியும் கணவாய் வழியாகத்தான் 1519 நவம்பரில் கோர்த்தேஸ் அஸ்தெக் தலைநகரை நோக்கிப் போனான். இன்றும் அதன் பெயர் கோர்த்தேஸ் கணவாய்.

வடகிழக்கே தனியாக நிற்பது மாலின்ச்சே, 4,461 மீட்டர். இதுவும் எரிமலைதான், உறங்குகிறது. வானம் மிகத் தெளிவாக இருந்தால் நேர் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு வெள்ளை முனை தெரியும். அது ஒரிசாபா, 5,636 மீட்டர், மெக்சிகோவின் மிக உயரமான சிகரம்.

கீழே ஊருக்குள் பார்வையை இறக்கினால் குவிமாடங்களை எண்ணி முடியாது. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 கோவில்கள் என்பார்கள். அது பேச்சுவழக்கு, உண்மையில் அத்தனை இல்லை. ஆனால் ஒவ்வொரு பேட்டைக்கும் சொந்தக் கோவிலும் சொந்தத் திருவிழாவும் உண்டு.

எரிமலை பற்றிப் பயம் வேண்டுமா

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். போபோ 1994 டிசம்பரில் விழித்துக்கொண்டது, இன்றுவரை அடங்கவில்லை. வெள்ளைப் புகை அன்றாடக் காட்சி. சில நாள் சாம்பல் நிறத்தில் தூணாக எழும். அரசு போக்குவரத்து விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வைத்திருக்கிறது. மஞ்சள் இரண்டாம் நிலைதான் நீண்டகால வழக்கம். 2023 மே மாதம் அதை மஞ்சள் மூன்றாம் நிலைக்கு உயர்த்தினார்கள். சாம்பலால் புவெப்லா விமான நிலையத்தை மூடினார்கள், மெக்சிகோ நகர விமான நிலையங்களும் சில மணி நேரம் நின்றன. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் இடைவெளி வைத்துத் திட்டமிடுங்கள்.

எரிமலை வாயிலிருந்து 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் யாரும் நுழையக் கூடாது. உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில் முற்றம்தான் சரியான இடம்.

பையில் ஒரு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. அது பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும். சாம்பல் விழ ஆரம்பித்தால் கண்ணைக் கசக்காதீர்கள், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள், கூரைக்குக் கீழே போய்விடுங்கள். கேமரா லென்ஸைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், ஊதித் தட்டுங்கள்.

இறங்கிய பிறகு

தொல்லியல் பகுதியில் முற்றங்கள், பலிபீடங்கள், பழைய படிக்கட்டுகள் இருக்கின்றன. 1931இல் தொடங்கிய ஆய்வில் பிரமிடுக்குள் மொத்தம் எட்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். அதில் ஒரு சிறு பகுதியில்தான் பொதுமக்களை நடக்க விட்டிருந்தார்கள், 2020க்குப் பிறகு அதையும் நெடுநாள் மூடிவைத்திருந்தார்கள். சீட்டு வாங்கும் இடத்தில் "தூனெலெஸ்?" (சுரங்கங்கள்?) என்று கேட்டால் அன்றைய நிலை தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரர்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் அதிகம். குடிகாரர்கள் சுவரோவியம் என்று ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான ஒன்று உள்ளே கிடைத்தது. கற்றாழைக் கள்ளான புல்கே குடித்து மகிழும் கூட்டம் அதில் இருக்கிறது. மூலத்தைப் பார்க்க முடியாது, அருங்காட்சியகத்தில் நகல் வைத்திருக்கிறார்கள்.

பசிக்குமே. பாதையோரம் கூடையில் செக்கச்செவேலென்று குவித்திருப்பது சப்புலீனெஸ், மிளகாயும் எலுமிச்சையும் போட்டு வறுத்த வெட்டுக்கிளி. விருப்பம் உள்ளவர்கள் ஒரு சிட்டிகை வாங்கிப் பார்க்கலாம், மொறுமொறுவென்று புளிப்பாக இருக்கும். நம் கண்ணுக்குப் பழகியது பக்கத்திலேயே இருக்கும்: உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய். மிளகாய் நமக்கு வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான். சப்போட்டா என்று நாம் சொல்லும் பெயரும் நாவாத்ல் மொழியின் த்ஸபோத்ல் என்பதிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் "சின் கார்னே" என்று சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம் என்று பொருள். பூசணிப்பூ வைத்து மடித்த ரொட்டியான கேசதீயா நல்ல காலைச் சாப்பாடு. அவரை மசியலில் மட்டும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், "மன்தேகா" இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, அந்தப் பிரபலமான படம், கோவிலுக்குப் பின்னால் எரிமலை எழுந்து நிற்பது? அது உச்சியிலிருந்து கிடைக்காது. பிரமிடின் கிழக்குப் பக்கம், சான் அந்த்ரேஸ் பக்கமாகச் சுற்றிப் போய் மேற்கே பார்க்க வேண்டும். கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய் ஜூம் செய்து எடுத்தால் மலை பெரிதாக விழும். நீங்கள் காலையில் சீக்கிரம் ஏறி இறங்கியிருந்தால் அதற்கும் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

நாள் இன்னும் பாதி இருந்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, சதுக்கத்தை ஒட்டிய சான் கப்ரியேல் மடம். கெட்சல்கோவாத்ல் கோவில் இருந்த இடத்தில் எழுந்தது இது. அதன் அரச சிற்றாலயத்துக்கு 49 குவிமாடங்கள், உள்ளே தூண்காடு. இன்னொன்று, தெற்கே நான்கு கிலோமீட்டரில் தோனான்த்ஸின்த்லா கிராமத்து மாதா கோவில். சுவர், தூண், கூரை என்று ஒரு சாண்கூட விடாமல் சுதையால் செய்த சம்மனசுகளும் (வானதூதர்களும்) பழங்களும் நிறைந்திருக்கும். சம்மனசுகளில் பல, அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகச்சாயலில் இருக்கும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பாருங்கள். வேனில் போனால் பதினைந்து நிமிடம்தான். ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் கோவில் முக்கில் இறக்கிவிடுவார்.